கையெழுத்து போட்டுவிட்டார் அம்மா, அதனால் பில்லும் நாமே கட்ட வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை. சர்க்கரை நோய் உண்டு. நான்கு மாதம் முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில், "புது மாத்திரை வந்திருக்கிறது, மாத்திரையும் டெஸ்ட்டும் இலவசம்" என்று சொல்லி சில பக்கங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் கூட இல்லை. ஏழாவது வாரம் மஞ்சள் காமாலை வந்து அதே மருத்துவமனையில் 11 நாள் அட்மிட். "மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லி 1,38,000 ரூபாய் பில் போட்டார்கள், நகையை அடகு வைத்துக் கட்டினோம். கேட்டால் "உங்கள் அம்மாதானே கையெழுத்து போட்டார்" என்கிறார்கள். அந்தத் தாளின் நகல்கூட எங்களிடம் இல்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் அம்மாவைச் சேர்த்திருப்பது மருந்துப் பரிசோதனையில், அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில். முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். "மருந்தைப் பற்றி எனக்கு விளக்கினார்கள், விருப்பப்பட்டுச் சேர்கிறேன்" என்பதற்குப் போட்ட கையெழுத்து அது. எது நடந்தாலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகாது. அப்படி ஒரு வரி உள்ளே இருந்தால்கூட அது செல்லாது, ஏனென்றால் இழப்பீட்டு உரிமை அந்தத் தாளிலிருந்து வரவில்லை. மத்திய அரசின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள், 2019, அதன் ஆறாம் அத்தியாயத்திலிருந்து வருகிறது.

அந்த அத்தியாயம் சொல்வது இதுதான். பரிசோதனையில் இருப்பவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டியது ஸ்பான்சர், அதாவது அந்தப் பரிசோதனையை நடத்தும் மருந்து கம்பெனி. எதுவரை என்றால், ஆய்வை நடத்தும் டாக்டர் வைத்தியம் தேவை என்று சொல்லும் வரை, அல்லது பாதிப்புக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகும் வரை, இதில் எது முந்தியோ அதுவரை. நிரூபணமாகும் வரை என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பில் கவுண்டரில் நின்று ஒருவர் "சம்பந்தமில்லை" என்று வாயால் சொன்னது நிரூபணம் ஆகிவிடாது. உங்கள் வழக்கே இந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் யார் முடிவு செய்வது? வெளிநோயாளியாக வந்து போனவரை அட்மிட் செய்யும் நிலை வந்தாலே அது கடுமையான பாதிப்பு என்ற கணக்கில் வரும். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு டாக்டர் டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஸ்பான்சருக்கும், பரிசோதனைக்கு ஒப்புதல் தந்து நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தகவல் கொடுத்திருக்க வேண்டும். 14 நாளுக்குள் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை போக வேண்டும். அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் எத்திக்ஸ் கமிட்டி தன் கருத்தைச் சொல்ல வேண்டும், கடைசி உத்தரவு போடுவது டெல்லி. சந்தேகம் எனக்கு எங்கே வருகிறது என்றால், உங்கள் அம்மா விஷயத்தில் அந்த முதல் தகவலே போனதா என்பதில். போகாமல் இருந்தால் அதுவே தனியாக ஒரு பெரிய தவறு.

கடிதம் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்துப் பரிசோதனையும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஸ்பான்சர் யார், எந்தெந்த மருத்துவமனை, எந்த எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். கம்பெனி நடத்தாமல், ஏற்கெனவே கடையில் கிடைக்கும் மருந்தை வைத்து டாக்டர்களே செய்யும் ஆய்வாக இருந்தால் வழி கொஞ்சம் மாறும், அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தத் தாள். நோயாளிக்கான தகவல் தாளும், நிரப்பிக் கையெழுத்தான ஒப்புதல் படிவமும் ஒரு நகல் அம்மா கையிலோ கூட வந்தவர் கையிலோ கொடுத்தே ஆக வேண்டும், இது கட்டாயம். அம்மாவுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால், விளக்கிச் சொல்லி முடிக்கும் வரை பரிசோதனையில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்து போட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் படிப்பு, வேலை, ஆண்டு வருமானம் என்று கட்டங்கள் இருக்கும், அதற்குக் கீழே நாமினி பெயர், உறவு, முகவரி. பரிசோதனையால் உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக வைத்த கட்டம் அது. அனேகமாக உங்கள் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும், உங்களுக்கே தெரியாமல். எழுதியிருக்கிறார்களா, வெறுமனே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவ்வளவு கட்டாயம் சும்மா வந்ததில்லை. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்களே பல படிவங்களில் கையெழுத்து போட்டிருந்தார்கள். அதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. அதே வருடம் உச்ச நீதிமன்றமும் இந்தப் பரிசோதனைகள் விஷயத்தில் தலையிட்டது. அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது "கையெழுத்து போட்டாரே" என்ற பதிலை எந்த மருத்துவமனை சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது கடிதம். எத்திக்ஸ் கமிட்டித் தலைவர் பெயருக்கு எழுதுங்கள். மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருக்கும் கமிட்டிதானே என்று நினைக்க வேண்டாம், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது வெளியிலிருந்து வர வேண்டும் என்பது விதி. அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் நகல் இணைத்து நான்கு விஷயம் கேளுங்கள்: படிவத்தின் நகல், 24 மணி நேரத் தகவல் போனதற்கான ஆதாரம், சம்பந்தமில்லை என்றால் அதை எழுத்தில், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது. ஒரு பிரதி ஸ்பான்சருக்கு, ஒரு பிரதி டெல்லி அதிகாரிக்கு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். கேஸ் ஷீட் நகலைத் தனியாகக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும்.

இழப்பீட்டுத் தொகையில் பெரிய ஆசை வைக்க வேண்டாம், நேராகச் சொல்லிவிடுகிறேன். குணமாகிவிட்ட பாதிப்பு என்றால் விதியில் உள்ள கணக்கு, டெல்லியில் சாதாரணத் தொழிலாளியின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியை இரண்டால் பெருக்கி, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களால் பெருக்குவது. உங்கள் அம்மாவுக்கு 22 நாள் கூலி. ஆனால் வைத்தியச் செலவு இதில் சேராது, அது தனி, அந்த 1,38,000 ரூபாயை விடாமல் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண் என்பதாலேயே அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் செய்யுங்கள்.

மருத்துவமனையில் "பாதிப் பணம் தருகிறோம், இதில் கையெழுத்து போடுங்கள்" என்று கூப்பிட்டால், அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டாமல் போட வேண்டாம். அம்மா பரிசோதனையிலிருந்து விலக நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் அவருக்கு வழக்கமான சர்க்கரை வைத்தியத்தை மறுக்க முடியாது. வீட்டில் மீதி மாத்திரை, டப்பா, தேதி எழுதும் அட்டை ஏதாவது இருக்கும், அவற்றைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் கொடுக்கும் முன் டப்பாவின் எல்லாப் பக்கத்தையும், அட்டையின் ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.