அத்தைக்கு வைத்த கரண்ட்டை அப்பாவுக்கு ஏன் வைக்கவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 63 வயது. பசியே இல்லாமல் எடை குறைந்துகொண்டே வந்தது, அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கேன்சர் கட்டி என்று தெரிந்தது. பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததும் காமாலை இறங்கியது. கட்டி ரத்தக்குழாயைச் சுற்றி இருப்பதால் இப்போது ஆபரேஷன் முடியாது, முதலில் கீமோ என்கிறார்கள். என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தபோது கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தே குணமாக்கினார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் அப்பாவுக்குத் தரவேண்டியதைத் தராமல் விட்டுவிட்டார்களோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அப்படி இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் டாக்டர்கள் சரியான வரிசையில்தான் போகிறார்கள்.

கர்ப்பப்பை வாயில் கட்டிக்குப் பக்கத்திலேயே கருவியை உள்ளே வைத்துக் கதிர்வீச்சு கொடுக்க முடியும், வெளியிலிருந்து கொடுப்பதையும் சேர்த்தால் 80 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேலேயே போகலாம், அதனால்தான் அத்தைக்குக் கத்தி வைக்காமலே குணமானது. கணையம் இருக்கும் இடம் வேறு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஆழத்தில் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதி வளைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடல் 50 கிரே அளவுக்கு மேல் தாங்குவது கஷ்டம், மீறினால் புண், ரத்தக்கசிவு, சில சமயம் ஓட்டைகூட விழும். போதாததற்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கணையம் மேலும் கீழும் நகர்கிறது. கட்டிக்குள்ளும் நார்த் திசு அடர்ந்து ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இவ்வளவும் கட்டி இருக்கும் இடத்தைப் பற்றிய பிரச்சினை. அதைவிடப் பெரிய காரணம், இந்த நோய் ரொம்ப சீக்கிரமே பரவுகிற குணம் உள்ளது. ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கதிர்வீச்சு படுகிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், கீமோ உடம்பு முழுக்கப் போகும். முதல் ஐந்தாறு வாரத்தைக் கதிர்வீச்சுக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் செல்களுக்கு நாமே அவகாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் தலைமையில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், உங்கள் அப்பாவைப் போலவே ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு முதலில் நாலு மாதம் கீமோ கொடுத்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்த 269 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோவையே தொடர்ந்தார்கள், இன்னொரு பாதிக்குக் கதிர்வீச்சும் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரையும். வாழ்நாளின் நடு அளவு, அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், கீமோ பக்கம் 16.5 மாதம், கதிர்வீச்சு பக்கம் 15.2 மாதம், அதாவது ஆயுளில் லாபம் இல்லை. ஆனால் கட்டி அதே இடத்தில் திரும்ப வளர்ந்தது கீமோ பக்கம் 46 சதவீதம் பேருக்கு, கதிர்வீச்சு பக்கம் 32 சதவீதம் பேருக்கு. கட்டியை அதன் இடத்திலேயே அடக்கி வைப்பதும் வலியையும் அடைப்பையும் தள்ளிப்போடுவதும்தான் இங்கே கதிர்வீச்சின் வேலை, அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆக, கேட்கவேண்டிய நேரம் கீமோ சில மாதம் போன பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கு அப்புறம். கட்டி ரத்தக்குழாயை விட்டு விலகியிருந்தால் ஆபரேஷனுக்குப் போகலாம். விலகவில்லை, ஆனால் வேறெங்கும் பரவவும் இல்லை என்றால் அப்போது கதிர்வீச்சைப் பற்றிப் பேசுங்கள். தினமும் கொஞ்சமாக ஐந்தரை வாரம் மாத்திரையுடன் கொடுப்பது ஒரு வகை. குறி பார்த்து ஐந்தே நாளில் கொடுக்கும் எஸ்பிஆர்டி இன்னொரு வகை. இரண்டாவதற்குக் குறி தவறாமல் இருக்கக் கட்டிக்குள் சின்னத் தங்கப் புள்ளிகள் வைப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். கட்டி குடலுக்குள் நுழைந்திருந்தால் இது வேண்டாம்.

ஆஸ்பத்திரியை மாற்றுவதைவிட இரண்டாவது கருத்து கேளுங்கள், தப்பே இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் ஸ்கேன் சிடியையும் எடுத்துப்போங்கள், கணைய ஆபரேஷன் நிறையச் செய்கிற சர்ஜன் அதை நேரில் பார்க்கவேண்டும். அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். கணையப் புற்றுநோயின் போக்கைக் கவனிக்க எடுக்கும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையைக் காமாலை முழுசாக இறங்கிய பிறகு எடுத்த அளவை வைத்துத்தான் ஒப்பிடவேண்டும், காமாலையிலேயே அது ஏறிக் காட்டும். சாப்பிட்டது எண்ணெய் மிதக்கும் மலமாகப் போனால் கணைய என்சைம் கேப்சூல் கேட்டு வாங்குங்கள், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடவேண்டியது அது. எடை நின்றால்தான் கீமோவைத் தாங்குவார்.

கேள்வி: அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய்க்காக, கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷன் முடிந்தது. கீமோவுக்குப் பிறகு கதிர்வீச்சும் வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர், தேவையில்லை என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? – வாசகர், ஈரோடு

பதில்: இருவருமே படித்ததைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 43 பேரை வைத்து நடந்து 1985-ல் வெளியான சின்ன ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்கள் வாழ்ந்தது நடு அளவில் 20 மாதம், பெறாதவர்கள் 11 மாதம் என்று வந்தது. 2004-ல் ஐரோப்பாவின் பெரிய ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: கீமோ-கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 10 சதவீதம், பெறாதவர்களில் 20. அந்தக் காலத்துக் கதிர்வீச்சு முறை இன்றைக்கு இருப்பதைவிட முரடானது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். கீமோ அவசியம், அதில் சந்தேகமே இல்லை. கதிர்வீச்சுக்கு, பயாப்சி ரிப்போர்ட்டில் வெட்டிய விளிம்பில் கேன்சர் செல் இருக்கிறதா, நிணநீர் முடிச்சுகள் எத்தனையில் கேன்சர் இருக்கிறது என்று பாருங்கள். விளிம்பு சுத்தமாக இருந்தால் நான் வற்புறுத்தமாட்டேன்.

கேள்வி: கணவருக்குக் கணையத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டது. முதுகுவலியில் படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறார். கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார்கள். பரவிய பிறகு எதற்கு? வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது, பக்கத்தில் வரலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: வலிக்காக அம்மா, வலிக்காக மட்டும். கணையத்துக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலைக் கட்டி அழுத்துவதால்தான் மல்லாந்து படுக்க முடிவதில்லை. சில நாள் கதிர்வீச்சிலேயே நிறையப் பேருக்கு வலி குறைகிறது, ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை அவரைத் தவிக்க விடாதீர்கள். மார்ஃபின் மாத்திரை கேளுங்கள். பழகிவிடும் என்ற பயத்தில் குடும்பமே மாத்திரையை ஒளித்து வைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்துக் கொடுத்தால் போதும். அந்த நரம்புப் பின்னலையே மரத்துப்போகச் செய்யும் ஊசியும் உண்டு, எண்டோஸ்கோபி வழியாகப் போடுவார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

குமட்டலும் அசதியும் சில நாள் இருக்கும், முடி கொட்டாது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு மெஷினை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. பேரன் தாத்தா மடியில் தாராளமாக உட்காரலாம். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும், கீமோவும் நடக்கிற பட்சத்தில், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.