கனடா மாமாவின் கணக்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு 24 வயது, பரந்தன். ஐடி டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஒரு மாதம் 1,20,000 ரூபாய் வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே வராது. 4,20,000 ரூபாய் லப்டொப் ஒன்றை மாதம் 17,500 படி 36 மாதத் தவணையில் தருகிறார்கள். எடுக்கலாமா? வெளிநாட்டுக் காசை இணையத்தில் அனுப்பி வாங்கும் பேபாலில் காசு வாங்க, கனடாவில் உள்ள மாமா தன் கணக்கைத் தருவதாகச் சொல்கிறார். கிளிநொச்சி டவுன் கடைக்காரர் ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்த 45,000 ரூபாயைத் தராமல் இழுத்தடிக்கிறார்.

பதில்: தவணையை முதலில் பார்ப்போம், தம்பி. 17,500-ஐ 36-ஆல் பெருக்கினால் 6,30,000. லப்டொப்பின் விலைக்கு மேல் 2,10,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், காசு வராத இரண்டு மாதமும் தவணை வரும். அம்மாவின் நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். வெப்சைட் வேலைக்கு 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள பாவித்த லப்டொப் தாராளமாகப் போதும். பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள், கரண்ட் போகிற நாளில் அதுதான் கை கொடுக்கும்.

காலபோக நெல் விற்ற காசை அடுத்த வெட்டு வரைக்கும் பிரித்து வைக்காத வீடு வன்னியில் உண்டா? உங்கள் வருமானமும் அந்த மாதிரித்தான். வருவதெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் 30,000 என்று ஒரு சம்பளத்தை நீங்களே எடுங்கள். வராத மாதத்திலும் அதே 30,000. நான்கு மாதச் சம்பளம் அந்தக் கணக்கில் சேரும் வரை புதுப் பொருள் எதையும் தொட வேண்டாம்.

விலை சொல்லும்போது கைக்கு வரும் தொகையைப் பாருங்கள். இணையத்தில் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளத்தில் 100 டொலர் வேலை என்றால் 20 டொலரை அவர்களே எடுத்துவிடுவார்கள். மீதி 80-ம் புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் விடுபடும். பிறகு டொலரை ரூபாயாக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். எனவே 100 டொலரை நம்பி இந்த மாதக் கரண்ட் பில்லுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். இலங்கையிலிருந்து பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் கணக்கில் விழும் காசு அங்கே அவருடைய வருமானமாகத் தெரியும், வரிக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. உங்களுக்கோ, நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. வெளிநாட்டுக் காசை வாங்க உதவும் பேயோனியர் சேவையில் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து, உங்கள் வங்கிக் கணக்குக்கு எடுங்கள். வெளிநாட்டு நாணயக் கணக்கும் திறக்கலாமா என்று வங்கியில் கேளுங்கள். 2022-இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 300-ஐத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வரிக்குப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் வரி விலக்கு உண்டு. நீங்கள் அதற்குக் கீழேதான். அதைத் தாண்டினாலும், வங்கி வழியாக நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 சதவீதம். வரி இலக்கத்தை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்த 45,000. தெரிந்த மனிதர், அப்பாவின் கூட்டாளி என்று கூச்சப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். அவர் கடையில் நீங்கள் கடனுக்கு ஒரு பை சீமெந்து கேட்டால் கொப்பியில் எழுதாமல் தருவாரா? செய்த வேலை, தொகை, திகதி மூன்றையும் எழுதி ஒரு பில் கொடுங்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 15,000 படி மூன்று தடவையாகத் தரச் சொல்லுங்கள். அதுவரை ‘தம்பி, இந்தப் படத்தையும் ஒருக்கா மாத்திவிடும்’ என்று வருகிற சில்லறை வேலைகளை நிறுத்தி வையுங்கள். இனி யாராக இருந்தாலும் பாதிக் காசு முன்பணம், மீதி வந்த பிறகே வெப்சைட்டின் பாஸ்வேர்ட்.