அம்மாவின் பங்குப் பால் எங்கே?

கேள்வி: புனலூரில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருமுறை செங்கோட்டைக்கு வருவேன். அம்மாவுக்கு வயது 68. ஓராண்டாகப் பசியில்லை. வயிற்று உப்புசம், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். நாக்கு எரிகிறது என்கிறார். 3 ஆண்டுகளாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல் மாத்திரை வாங்கித் தருகிறேன். அப்பா இறந்தபின் மீன், முட்டையை விட்டுவிட்டார். வீட்டில் வாங்கும் அரை லிட்டர் பால் குழந்தைகளுக்கே சரியாகிவிடுகிறது. வயதானால் இப்படித்தானா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள், தம்பி. பால் குழந்தைகளுக்கே சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அப்படியானால் உங்கள் அம்மா குடிப்பது என்ன? கட்டங்காப்பியா? போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

மீனும் முட்டையும் விட்டவருக்கு வைட்டமின் பி12 கிடைக்கிற வழி பாலும் தயிரும்தான். கீரையிலும் பருப்பிலும் அது இல்லை. உடம்பு கேட்பது நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்றே கூடுதல். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும். அதனால்தான் விட்ட உடனே ஒன்றும் தெரிவதில்லை.

நாக்கு முதல் குடல் வரை உட்புறச் சவ்வு ஓயாமல் புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. பி12 குறைந்தால் புதுச் செல்கள் சரிவர உருவாவதில்லை. நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், பசி மந்தமாகும், பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும். நீங்கள் வாங்கித் தரும் மாத்திரையும் சேர்ந்து கெடுக்கிறது. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும்; அந்த அமிலத்தைத்தான் 3 ஆண்டுகளாக அடக்கி வைத்திருக்கிறீர்கள், மருத்துவரைக் கேட்டீர்களா என்றுகூட எழுதவில்லை.

எல்லோரும் உண்டபின் மிச்சத்தைச் சாப்பிடுவது அம்மாக்களின் வழக்கம். “எனக்குப் பால் பிடிக்காது” என்றுகூடச் சொல்லியிருப்பார். அதை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்க ஒரு மகனுக்கு உரிமையில்லை. மருமகளைக் கோபிக்கவும் வேண்டாம். பெற்றவளின் தட்டைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

இந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொல்லுங்கள். முதுமையில் இரைப்பையே அதை உறிஞ்ச உதவாமல் போவதும் உண்டு. அப்படியானால் பால் மட்டும் போதாது, ஊசி தேவைப்படலாம். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அங்கேயே கேளுங்கள். பாதம் மரத்துப்போகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறாரா என்று இன்றே போனில் விசாரியுங்கள். பி12 குறைவால் நரம்பு பாதித்து நாளாகிவிட்டால் முழுதாக மீளாமல் போகலாம். சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பி12 குறைவால் வரும் ரத்தசோகை தேறியதுபோல் காட்டும், நரம்பு கெடுவது உள்ளே தொடரும்.