ரேமைக் கூட்டினால் லேப்டாப் வேகமாகுமா?

4 ஜிபி ரேம் (ஓடும் நிரல்கள் தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) உள்ள லேப்டாப் திணறுகிறது, 8 ஆக்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகும். ஆனால் வாங்கும் முன், வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் மெமரி, அதாவது ரேம் பயன்பாடு, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம்தான் குறை. இடம் போதாதபோது விண்டோஸ் கொஞ்சம் தரவை டிஸ்க்குக்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. டிஸ்க்கோ ரேமைவிடப் பல மடங்கு மந்தம். பிரவுசரில் டேப் மாற்றும்போது திரை அப்படியே நின்றுவிடுவது அதனால்தான்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ரேமுக்குச் செலவழிக்காதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் அப்புறம் உங்களுக்கே தெரியும்.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது, அதனால் வகையைப் பார்த்து வாங்குங்கள். மெலிதான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட வழியிருக்காது. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது, அதனால் 64 பிட்டுக்கு மாறினால்தான் பலன்.

மாட்டும்போது சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடிக்கும். தங்க நிறப் பட்டைகள் நிறைய வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை, எடுத்துத் திரும்பச் செருகுங்கள்.