பணம் முக்கியமில்லை என்றால் விட்டுக்கொடுக்கலாமே?

கேள்வி: அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி. அப்படியும் ஏழை வட்டாரப் பிள்ளைகள் பின்தங்கினால் அது பெற்றோரின் அக்கறையின்மைதானே? பணத்தைக் கொட்டினால் படிப்பு வந்துவிடுமா? (வாசகர், கரூர்)

பதில்: இலவசம்தான், சரி. அந்த இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடும் நிலமும் நல்ல விலைக்குப் போகிற பகுதியில் பள்ளியும் செழிக்கும். விலை போகாத பகுதியில் எவ்வளவு வரி போட்டாலும் தேறாது. நம் ஊரிலிருந்து அங்கே போய் வீடு வாங்குகிறவர்களும் முதலில் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?' என்றுதானே விசாரிக்கிறார்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளி மாவட்டம் என்பது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரைப் பாருங்கள். அங்கே எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டத்தில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். அதே நகர வட்டாரத்தில் அலமோ ஹைட்ஸ் வசதியானவர்களின் பகுதி. 1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். கட்டியும், மாணவர் ஒருவருக்கு அதிலிருந்து மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். கிடைத்ததோ 333 டாலர். மாநில, மத்திய அரசு உதவிகளைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356, அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

இல்லாதவர்கள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தா அக்கறை இல்லை என்கிறீர்கள்?

அந்த வித்தியாசம் வகுப்பறையில் அப்படியே தெரிந்தது. 1968-69இல் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் சுமார் 47 சதவீதம் பேர் முழுத் தகுதிச் சான்று இல்லாமல் அவசர அனுமதியில் பாடம் நடத்தினார்கள். அலமோ ஹைட்ஸில் அப்படி இருந்தவர்கள் 11 சதவீதம். 1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்களே வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். அப்புறம் இந்தச் சொத்து வரி ஏற்பாட்டை எதிர்த்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். முன்னே நின்றவர் தகடு வேலை பார்த்த தொழிலாளி டிமெட்ரியோ ரொட்ரிகஸ்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. கல்வி, கூட்டாட்சி அரசியல் சாசனம் வெளிப்படையாகப் பாதுகாக்கும் உரிமை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பணத்துக்கும் கல்வித் தரத்துக்கும் உள்ள தொடர்பே சர்ச்சைக்குரியது என்றும் சொன்னது. நீங்கள் கேட்பதும் அதைத்தான். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் அதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டார்: பணம் அவ்வளவு அற்பமென்றால், நாட்டின் பெரும் பணக்காரப் பள்ளி மாவட்டங்கள் சில, எந்தக் கட்டாயமும் இல்லாமல், இந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற ஏன் நீதிமன்றத்துக்கு ஓடி வந்தன?

1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் இதே ஏற்பாட்டை மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் ரொட்ரிகஸின் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் காலம் பன்னிரண்டு ஆண்டும் மாணவர் ஒருவருக்கான செலவு 10 சதவீதம் கூடினால், ஏழைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஈட்டும் கூலி ஏறத்தாழ 10 சதவீதம் உயர்கிறது. வறுமையில் விழுவதும் குறைகிறது.

கொடுக்கும் பணத்தைப் பள்ளி எப்படிச் செலவழிக்கிறது என்று தாராளமாகக் கேளுங்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் 594 டாலர் வாங்கிய பள்ளியிடம் யாரும் கேட்காத அந்தக் கேள்வியை, 356 டாலரில் ஓடிய பள்ளியிடம் மட்டும் கேட்பதை என்னால் ஏற்க முடியாது.