க்ளூவை வெச்சு டாலர் நிக்காது!

கேள்வி: அக்கா, கடற்கரையில பொறுக்கின கண்ணாடித் துண்டு, ஓடாத வாட்ச்சோட பல்சக்கரம், பழைய சட்டை பட்டன் இதெல்லாம் சேத்து டாலர் பண்றேன். பாக்க சூப்பரா இருக்கு, ஆனா ரெண்டு தடவை போட்டா கொக்கி கழண்டு வந்துடுது. இன்ஸ்டன்ட் க்ளூதான் போடுறேன், வேற எந்த க்ளூ வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீங்க. இன்ஸ்டன்ட் க்ளூ காஞ்சா மொடமொடன்னு ஆயிடும், கழுத்துல ஆடுற பொருள் எங்கயாவது டொக்குன்னு இடிச்சா போச்சு, போதாக்குறைக்கு சுத்தி வெள்ளையா பூத்துடும். என் கம்மல்ல ஒண்ணு பஸ்லயே விழுந்து போய் இன்னொண்ணு மட்டும் இன்னும் டப்பாவுல கெடக்கு.

கம்பியால கட்டுங்க. 0.8 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதாவது 20 கேஜ், ரெண்டு துண்டு எடுத்து கண்ணாடிக்குப் பின்னாடி பார்சல் கட்டுற மாதிரி குறுக்க விட்டு, நாலு முனையையும் ஓரத்தோட ஒட்டினாப்புல மடக்கி மேல கொண்டு வந்து முறுக்கி, நோஸ் பிளையர்ல ஒரு வளையம் போட்டுடுங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வளைக்காதீங்க, கம்பி இறுகிப் போய் பட்டுன்னு முறியும். பட்டன்ல ஓட்டை இருக்கு, பல்சக்கரத்துலயும் ஆரங்களுக்கு நடுவுல இடம் இருக்கு, அதுலயே கோத்துக்கலாம். கண்ணாடியில ஓட்டை போட்டே ஆகணும்னா வைர பிட் (வைரத்தூள் பதிச்ச டிரில் முனை), மெதுவான ஸ்பீடு, கண்ணாடி தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும், பிளக்ல மாட்டுற டிரில்லை மட்டும் தண்ணி கிட்ட கொண்டு போகாதீங்க.

காத்துல ஆடுற மாதிரி தொங்குற ‘மொபைல்’ சிற்பங்களுக்குப் பேர் போன அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898-1976) சுமார் 1,800 நகை பண்ணியிருக்காரு. பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பியைத் தட்டி வளைச்சது, நடுவுல உடைஞ்ச பீங்கானும் கண்ணாடியும் கூட உண்டு. அதுல கம்பி சுத்தின விதமே டிசைனா நிக்கும், ஒளிச்சு வைக்க வேண்டிய விஷயமே இல்ல!

அப்புறம் வாட்ச்னு சொன்னீங்களே, முக்கியமா ஒண்ணு. 1960கள் வரைக்கும் வந்த சில வாட்ச்ல இருட்டுல மினுங்குற முள்ளு, எண்ணு எல்லாம் ரேடியம் பெயின்ட். மினுங்குறது நின்னு போயிருந்தாலும் கதிர்வீச்சு நிக்காது, ரேடியம் பாதியா குறையவே 1,600 வருஷம் ஆகும். அந்த மாதிரி வாட்ச்சைப் பிரிக்கவே வேணாம், சுரண்டுறதோ அரம் போடுறதோ கூடவே கூடாது.

கேள்வி: செம்பு மோதிரம் போட்டா விரல் பச்சையாகுதே, போலி செம்பா?

பதில்: நல்ல செம்புதாங்க. வேர்வை பட்டு களிம்பு ஏறுது, சோப்பு போட்டா போயிடும். உள்பக்கம் லாக்கர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், அடிச்சா கொஞ்ச நாள் தாங்கும், தேஞ்சதும் மறுபடி அடிக்கணும். காது கொக்கிக்கு மட்டும் கண்ட கம்பியைப் போடாதீங்க, நிக்கல் கலந்திருந்தா சிலருக்கு அரிச்சுப் புண்ணாயிடும், டைட்டானியம் பெஸ்ட்.

கேள்வி: பழைய லெட்டர் துண்டை ரெசின்ல (ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகுற திரவம்) போட்டேன், எண்ணெய் பட்ட மாதிரி திட்டுத்திட்டா ஆயிடுச்சு...

பதில்: பேப்பர் ரெசினைக் குடிச்சிருக்கு, இனி அதைக் காப்பாத்த முடியாது. அடுத்த தடவை ரெண்டு பக்கமும், முக்கியமா வெட்டின ஓரத்துலயும், வெள்ளை கம் ரெண்டு கோட் அடிச்சு நல்லா காய விட்டு அப்புறம் ஊத்துங்க. கையுறை போட்டுக்கிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க, முக்கியமா ஒரிஜினல் லெட்டரை வெட்டாம ஜெராக்ஸ் எடுத்து வெட்டுங்க.