கமாடோ அடுப்பில் 110 டிகிரியைப் பிடித்து நிறுத்த: கேள்வி பதில்

(கமாடோ என்பது தடித்த பீங்கான் சுவரும் மூடியும் உள்ள, முட்டை வடிவக் கரி அடுப்பு. வெப்பம் எல்லாம் செல்சியஸில். வென்ட், அதாவது காற்றுத் திறப்பின், அளவுகள் 46 செ.மீ. விட்டமுள்ள பெரிய கமாடோவுக்கு. சின்ன அடுப்புக்கு இன்னும் குறையும்.)

கேள்வி: அண்ணா, 110-ல நிறுத்தத்தான் ரெண்டு வென்டையும் குறைச்சேன். அதுக்குள்ள 160 போயிடுச்சு. ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவே மாட்டேங்குது. என்ன தப்பு?

நீங்கள் வென்டைக் குறைத்தது தாமதமாக. தப்பு அது ஒன்றுதான். தகர டிரம் அடுப்பு என்றால் காற்றை நிறுத்தியதும் சூடு இறங்கிவிடும். கமாடோவின் பீங்கான் சுவர் தடிமனானது. ஒருமுறை சூட்டைக் குடித்துவிட்டால், உள்ளே தணல் அடங்கினாலும் சுவர் மணிக்கணக்கில் அதைத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். இந்த அடுப்பில் சூட்டை ஏற்றுவது எளிது, இறக்குவது கடினம். அதனால் 110-ஐக் கீழேயிருந்து மெதுவாக ஏறித்தான் தொட வேண்டும்.

பற்றவைத்துப் பத்து நிமிடம் மூடி திறந்திருக்கட்டும். பிறகு டிஃப்ளெக்டரையும் (தணலின் நேர்ச்சூடு கறியில் படாமல் தடுக்கும் தட்டு) கம்பித்தட்டையும் வைத்து மூடுங்கள். கீழ் வென்ட் 3 செ.மீ., மேல் வென்ட் பாதி. தெர்மாமீட்டர் முள் 80-ஐத் தொட்டதும் கீழே 1.5 செ.மீ., மேலே கால்வாசி. 95-ல் கீழே அரை முதல் ஒரு செ.மீ., மேலே நகக்கீற்று அளவு மட்டும். மீதி 15 டிகிரியை அது தானாக ஏறட்டும். மொத்தம் முக்கால் முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறை வென்டைத் தொட்ட பிறகும் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது 160-ல் நிற்பதற்கு: இரண்டையும் மயிரிழை அளவு மட்டும் விட்டுக் காத்திருங்கள். சூட்டை வெளியேற்றலாம் என்று மூடியைத் திறக்காதீர்கள். காற்று உள்ளே போய்த் தீ இன்னும் பெரிதாகும். இறங்கி வரும்போது 130-ல் நின்றாலும் பன்றித் தோள்கறிக்கு ஒரு குறையும் இல்லை, நேரம்தான் கொஞ்சம் குறையும்.

கேள்வி: குறைஞ்ச சூடுதானே சார், கரி பாதி போட்டா போதாதா?

போதாது. சூட்டைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்று, கரியின் அளவு அல்ல. அடுப்பின் கரிக் கிண்ணம் நிறையப் போட்டால் கரி திரிபோல மெல்ல நகர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் எரியும். பாதி போட்டால் நடுராத்திரியில் டிஃப்ளெக்டரைத் தூக்கிக் கரி போட வேண்டிவரும்.

பெரிய கட்டிகள் அடியில், சின்னவை இடுக்குகளில். பையின் அடியில் தங்கும் தூளைக் கொட்டாதீர்கள். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் மெழுகுத் துண்டு வைத்துப் பற்றவையுங்கள். மூன்று இடத்தில் பற்றவைத்தால் மூன்று தீ, 110-ல் அடங்காது. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், பீங்கான் அந்த வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

தேங்காய்ச் சிரட்டைக் கரி மட்டும் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தகடு தகடாகப் படிந்து காற்றை அடைக்கும். கட்டிக்கரியோடு கொஞ்சம் கலக்கலாம், நீண்ட சமையலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: ராத்திரி 110-ல விட்டுட்டுப் படுத்தேன். காலைல 60. திறந்து பார்த்தா பாதிக் கரி அப்படியே கிடக்கு!

கரி மீதி இருந்து தீ அணைந்தால் காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் கரித்தட்டின் ஓட்டைகளில். பழைய சாம்பலை அள்ளாமல் மேலேயே புதுக் கரி கொட்டியிருப்பீர்கள், அல்லது ஒரு சின்னத் துண்டு ஓட்டையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருக்கும். பெரிய தீயில் இது தெரியாது. இவ்வளவு சின்னத் தீக்கு இரண்டு ஓட்டை அடைத்தாலே மூச்சு முட்டிவிடும்.

ஒரு தடித்த கம்பியின் நுனியை 3 செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி வளைத்துக்கொள்ளுங்கள். கீழ் வென்ட் வழியாக விட்டு, கரித்தட்டின் அடியிலிருந்து ஓட்டை ஓட்டையாக மேலே குத்துங்கள். சாம்பல் பொலபொலவென்று உதிரும், நாலைந்து நிமிடத்தில் தணல் சிவக்கும். படுக்கப் போகும் முன் இதை ஒருமுறை செய்துவிடுங்கள். நீண்ட சமையலுக்கு முன்னால் பழைய கரியைக் கிளறிச் சாம்பலை முழுக்க அள்ளுவது கட்டாயம். ஈரம் குடித்த கரியும் இதே வேலையைச் செய்யும், மூட்டையைக் கட்டி உள்ளே வையுங்கள்.

கேள்வி: மூடியில இருக்குற தெர்மாமீட்டர் 120, கம்பித்தட்டுல வெச்ச புரோப் (ஒயர் தெர்மாமீட்டர்) 105. எதை நம்புறது?

இரண்டும் உண்மைதான், வேறு வேறு இடத்தின் சூடு. முதல் இரண்டு மணி நேரம் குளிர்ந்த கறி தட்டருகே காற்றைக் குளிர வைக்கும், பிறகு இடைவெளி குறையும். ஏதாவது ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். புரோப் என்றால் கறியிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். டிஃப்ளெக்டரின் ஓரத்து இடைவெளிக்கு நேர் மேலே வைத்தால் தணல் காற்று நேராக அடித்துப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

மூடித் தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் நுனியை விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு டிகிரி குறையும், ஊட்டியில் 92, 93 காட்டினால் அது சரியான தெர்மாமீட்டர்தான்.

கேள்வி: கறி கசக்குது அண்ணே. புகை வெள்ளையா, கெட்டியா வந்துச்சு.

அந்தப் புகையில் கறியை வைத்ததுதான் காரணம். மேல் வென்ட்டுக்கு மேலே கையை நீட்டி முகர்ந்து பாருங்கள். கண்ணைக் கரித்தால் இன்னும் பொறுங்கள். மெல்லிய நீலமாகி, விறகடுப்பு வாசம் வந்ததும் கறியை வையுங்கள். கைப்பிடி அளவில் மூன்று நான்கு மரத்துண்டு போதும், தணல் நகரும் வழியில் கரிக்குள் புதைத்து வையுங்கள். ஊறவைக்க வேண்டாம்.

கேள்வி: வென்ட் ரெண்டும் கிட்டத்தட்ட மூடியே இருக்கு, ஆனாலும் 140-க்குக் கீழ வரல.

கேஸ்கெட்டைப் பாருங்கள், மூடியும் அடுப்பும் சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் அது. ஒரு காகிதக் கீற்றை விளிம்பில் வைத்து மூடி, இழுங்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இழுத்தால் எங்கே தடையில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே ஒழுகல். 110-க்குத் தேவையான காற்றே சொற்பம், அந்த இடுக்கு ஒன்றே அதைக் கொடுத்துவிடும். அடுப்பைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, மூடியைச் சரியாக உட்கார வைத்து முறுக்குங்கள். ஃபெல்ட் கருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஃபேன் கன்ட்ரோலர் வாங்கலாமா?

சூட்டைப் பார்த்துக் கீழ் வென்ட் வழியாகத் தானாகக் காற்று ஊதும் கருவி அது. ராத்திரி முழுக்கச் சமைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மேல் வென்ட்டை நகக்கீற்று அளவிலேயே வையுங்கள், அகலத் திறந்தால் ஃபேன் நின்றாலும் காற்று தானாக இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்துங்கள். சூடு விழுந்துவிட்டது என்று நினைத்து அது முழு வேகத்தில் ஊதி, மூடிய பிறகு 150-ல் கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி: பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) உள்சூடு 70-லயே மூணு மணி நேரமா நிக்குது. வென்டைத் திறக்கவா?

வேண்டாம். கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது, அடுப்பில் கோளாறு இல்லை. பொறுங்கள், அல்லது புட்சர் பேப்பரில் (கறி சுற்றும் தடித்த காகிதம்) இறுக்கிச் சுற்றுங்கள். 93 முதல் 96-க்குள் குச்சி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும்.

கேள்வி: முடிஞ்சதும் தண்ணி ஊத்தி அணைக்கலாமா? மழைன்னா கராஜுக்குள்ள தள்ளிக்கலாமா?

இரண்டும் கூடாது. சூடான பீங்கானுக்குள் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். இரண்டு வென்டையும் முழுக்க மூடுங்கள், தீ தானாக அணையும், மீதிக் கரி அடுத்த முறைக்கு ஆகும். மூச்சுத் திணறி எரியும் கரி கார்பன் மோனாக்சைடை நிறைய விடும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். மழையை அடுப்பு தாங்கும். மேல் வென்ட்டுக்குள் மட்டும் தண்ணீர் இறங்காமல் மழைத்தொப்பி போடுங்கள்.